அர்வெல்லா பேருக்கு விழுந்த மான்

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். இது உரக்கச் சொல்லுகிற கதை இல்லை. நெல்டனுக்குக் காது இன்னும் பாம்புக்காதுதான். கெட்டுப்போனது நெஞ்சு மட்டும்.

எங்கள் யூட்டா மலைப்பக்கத்தில் மூஸ் என்கிற குதிரை உயர மானைச் சுடக் காசு இருந்தால் போதாது, துப்பாக்கி இருந்தாலும் போதாது. அரசாங்கக் குலுக்கலில் பேர் விழ வேண்டும். ஆயுசுக்கு ஒரே ஒரு சீட்டு. விழாதவர்களுக்கு ஆறுதலாக ஒரு புள்ளி போடுவார்கள். புள்ளி சேரச் சேர, அடுத்த வருஷம் விழ வாய்ப்புக் கூடும். தலை நரைத்து, பல் உதிர்ந்து, புள்ளி மட்டும் வளர்ந்துகொண்டே போகும். பக்கத்து வீட்டு வெர்டெல் அப்படித்தான் சேர்த்தார். அவரைப் புதைத்த மண்ணில் புல் முளைக்கிற சமயத்தில், சீட்டு விழுந்துவிட்டதென்று சேதி வந்தது. அவர் சம்சாரம் லாரூ கல்லறைக்குப் போய் அதை அவருக்குப் படித்துக் காட்டிவிட்டு வந்தாள்.

இதற்கு எங்கள் ஆண்கள் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். பெண்டாட்டி பேரையும் சேர்த்துப் போட்டுவிடுவது. அவள் பேருக்கு விழுந்தால் சீட்டில் அவள், துப்பாக்கியில் இவர். சட்டப்படி தப்புதான். ஆனால் எலிப்பொறியைத் தொடவே நடுங்குகிற பெண்கள் சுட்டதாக எங்கள் ஊர்ச் சுவர்களில் எத்தனை கொம்புத் தலைகள் தொங்குகின்றன என்று கேட்டுப் பாருங்கள். சர்ச்சில் சபைப் பெரியவரைக் கேட்டால், அவர்கூட விட்டத்தைப் பார்ப்பார்.

நெல்டன் மர அறுவை மில்லில் உழைத்து ஓய்ந்தவர். டாக்டர் அவர் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் மாடிப்படிகூட யோசித்துத்தான் ஏற வேண்டும் என்றார். வீட்டில் மாடி கிடையாது. ஆகவே நெல்டன் மலையை யோசித்தார். இந்த வருஷம் சீட்டு விழும், மேல்முகட்டில் உலாத்துகிற அந்தக் கிழட்டு ஆண்மானை நான்தான் சுடப்போகிறேன் என்று சமையலறையில் நின்று சபதம் போட்டார்.

"ஏறிடுவீங்க. எறக்கிக் கொண்டாறது யாரு?" என்றாள் அவர் சம்சாரம் அர்வெல்லா.

"எறங்கலன்னா என்ன இப்ப? மூக்குல கொழாயச் சொருகிக்கிட்டு சன்னலப் பாத்துக்கிட்டே சாகணுமா? அங்கனயே பனியில கெடந்துட்டுப் போறேன், விடு."

அவள் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அர்வெல்லா பதில் பேசாவிட்டால் ஏதோ நடக்கப்போகிறது என்பது இத்தனை காலம் குடித்தனம் பண்ணியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மே மாதம் முடிவு வந்தது. நெல்டன் பேர் விழவில்லை. அவர் கூடவே போட்டிருந்த அர்வெல்லா பேர் விழுந்தது.

அவர் ஒரு சுற்று ஆடிவிட்டு, மூச்சு முட்டி நாற்காலியில் சாய்ந்தார். சாய்ந்தபடியே திட்டத்தைச் சொன்னார். அவள் வண்டியில் உட்கார்ந்து கம்பளி பின்ன வேண்டியது. அவர் ஏற வேண்டியது. அதிகாரி யாராவது வந்தால், நான்தான் சுட்டேன் என்று அவள் சொல்ல வேண்டியது.

"எப்படிச் சுட்டேன்னு கேட்டா என்னங்க சொல்றது?"

அது நியாயமான கேள்வியாகப் பட்டது அவருக்கு. சரளை அள்ளுகிற பள்ளத்துக்கு அழைத்துப் போய், துப்பாக்கியைத் தோளில் எப்படி வைப்பது என்று காட்டினார். அவள் சுட்ட குண்டு ஒன்றும் தகர டப்பாவைத் தொடவில்லை. ஒன்று மேகத்தைத் தொட்டிருக்கலாம். நெல்டனுக்குப் பரம திருப்தி. அவள் செம்மறிப் பண்ணையில் பிறந்தவள், ஆடு குட்டி போடுகிற பருவத்தில் நரிகளை ஓட ஓடச் சுட்டு வளர்ந்தவள் என்பது அவருக்குத் தெரியாது. ஒரு நாளும் கேட்டதில்லை.

முதல் பனி விழுந்தது. மலையேறக் குறித்திருந்த நாளில் நெல்டன் கண் விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. பக்கத்தில் படுக்கை ஆறிக் கிடந்தது. வண்டி இல்லை. துப்பாக்கி இல்லை. மேஜையில் மூடி வைத்த கஞ்சியும் மாத்திரையும் இருந்தன. அப்போது கீழே ஓடைப்பக்கம் ஒரு வெடிச் சத்தம். ஒன்றே ஒன்று.

ஓடைக்குச் சமதரைப் பாதைதான். நின்று நின்று போய்ச் சேர்ந்தார். புதரோரம் ஓர் இளம் ஆண்மான் சாய்ந்து கிடந்தது. முழங்கை வரைக்கும் ரத்தத்தோடு அர்வெல்லா. மானின் காலைத் தூக்கிப் பிடித்தபடி லாரூ. சீட்டைக் கொம்பில் கட்டியாகிவிட்டது.

"நீயா சுட்ட?"

"எம்பேருக்குத்தானே விழுந்துச்சு. சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல."

"முகட்டுல நிக்கிறதுதாண்டி மானு. இது கன்னுக்குட்டி."

"இதுவும் வேகும்."

நெல்டன் பனியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் எதுக்கு அங்க போகணும்னேன்னு ஒனக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும். மானுக்காக இல்ல." அவள் கத்தியைப் பனியில் துடைத்தாள். "லாரூ அக்கா வீட்டுச் சாவுக்கு ஊரே உருளைக்கெழங்கு வேகவச்சுக் கொண்டாந்து குமிச்சுச்சே, ஞாபகம் இருக்கா? எனக்கு அது செரிக்காதுங்க."

"எனக்கும் செரிக்கல," என்றாள் லாரூ. காலை இன்னும் விடவில்லை அவள்.

ஈரலை மட்டும் அவரிடம் கொடுத்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு வீடு வருவதற்குள் பலமுறை வேலிக் கம்பைப் பிடித்து நின்றார்.

குளிர்காலம் முழுக்க அந்த இறைச்சியை மென்றுகொண்டே நெல்டன் முகட்டைப் பற்றிப் பேசினார். அவள் சீட்டு முடிந்தது, என் சீட்டு இன்னும் பாக்கி இருக்கிறது என்பார். பேச மூச்சு வேண்டுமே, அதனால் மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொண்டார். வசந்தத்தில் மறுபடி பேர் கொடுக்கிற நேரம் வந்தது. பொடி எழுத்து அவருக்குத் தெரியாது. அர்வெல்லாதான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"எம்பேர ஒழுங்காப் போடு. எனக்கிருக்கிற புள்ளிக்கு இந்தத் தடவ விழாமப் போகாது."

"போடுறேங்க."

திரையில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று, குலுக்கலில் சேருகிறவர்களுக்கு. இன்னொன்று, இந்த வருஷம் குலுக்கல் வேண்டாம், புள்ளி மட்டும் ஏறினால் போதும் என்கிறவர்களுக்கு. நெல்டன் பின்னால் நின்று அவள் தோளில் கை வைத்திருந்தார். அர்வெல்லா அந்தக் கையை ஒரு தரம் தட்டிக்கொடுத்துவிட்டு, இரண்டாவது கட்டத்தை அமுக்கினாள்.