கியூ அண்ணாச்சியின் செவ்வாய்க்கிழமைகள்

சங்கரன்கோவிலில் ஒரு வரிசையைப் பார்த்தால் அதைக் கலைத்துத் திருப்பி அடுக்காமல் நகரத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் கியூ அண்ணாச்சிதான். ரேஷன் கடையில் நின்றால், "சீனி மட்டும் வாங்குதவங்க முன்னால வாங்க. சின்ன வேலை சட்டுனு முடிஞ்சிரும்" என்று ஆரம்பித்துவிடுவார். அரிசிப் பையோடு நிற்பவர்கள் அவரை அடிக்க வராத குறை. ஆனால் அவர்களையும் கைவிட மாட்டார். "இவங்க அரை மணி நேரமா நிக்காவ. இனி இவங்களுக்கு முன்னால யாரும் போகப்பிடாது" என்று அவர்களுக்காகவும் சண்டை போடுவார். கடைசியில் அவர் முறை வரும்போது பருப்பு தீர்ந்திருக்கும்.

ராஜபாளையம் சாலையில், ஒரு மாடியில், சேலைகளுக்கு டிசைன் போடும் சின்ன அலுவலகம் எங்களுடையது. நான் அங்கே டிசைனர்; அண்ணாச்சி கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர். சேலையைக் கட்டினால் எப்படி விழும் என்று ஒரு படம் உருவாக்க, ஒற்றைக் கம்ப்யூட்டர் அரை நாள் முக்கும். அண்ணாச்சி மூலையில் கிடந்த பதினோரு பழைய கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்து, ஒரு வேலையைத் துண்டு போட்டு எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுத்தார். அதற்கு 'கிரிட்' என்று பெயராம். யாருக்கு எத்தனை கம்ப்யூட்டர் என்பது அவர் வைத்த சட்டம்.

ஒருநாள் முதலாளியே மச்சினி கல்யாண ஆல்பத்தோடு வந்தார்.

"எனக்கு மொதல்ல ஓட்டிக் குடுங்க அண்ணாச்சி."

"ஒங்களுக்கு முன்னால நாலு பேரு இருக்காவ மொதலாளி. ஒக்காருங்க, டீ சொல்லுதேன்."

முதலாளி மூன்று டீ குடித்தார்.

பிறகு கிளவுட் வந்தது. எங்கோ இருக்கும் கம்ப்யூட்டர்களை வாடகைக்கு எடுத்து இங்கிருந்தே ஓட்டுவது. பழைய பதினொன்றும் பழைய இரும்புக் கடைக்குப் போயின. அண்ணாச்சி அசரவில்லை. தேவையோ இல்லையோ, ஆளாளுக்குப் பெரிய மிஷினாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வோம். அவர் மேஜை மேஜையாக வருவார்.

"ஏலே, ஒரு கர்ச்சீப்புக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய மிஷின்? பாதியத் திருப்பிக் குடு."

ஒரு வருஷத்தில் அந்தப் பங்கீட்டையும் சாஃப்ட்வேரே செய்துகொள்ளும் என்றானது. இனி வேலை இல்லை என்பதை முதலாளி தயங்கித் தயங்கித்தான் சொன்னார். அண்ணாச்சி ஒன்றே ஒன்று கேட்டார்: "நாளைக்கு ஒருத்தி மகளப் பொண்ணு பாக்க வாராவ, சீக்கிரம் போகணும்னு நிப்பா. அவ வேலைய முன்னால தள்ளணும்னு அதுக்குத் தெரியுமா?" அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

அடுத்த மழைக்காலத்தில் அவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது என்றார்கள். செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். செவ்வாய்க்கிழமை என் பைக்கில் கூட்டிப் போவேன். ஆஸ்பத்திரியில் நாலே மிஷின். ரத்தம் சுத்தமாகிற நாலு மணி நேரமும் அவர் கண், சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையில்தான் இருக்கும்.

மூன்றாவது வாரம் நர்ஸைக் கூப்பிட்டார். "சிஸ்டர், வாசுதேவநல்லூர்க்காரரு பஸ் பிடிச்சு வர எட்டரை ஆவுது. அதுவரைக்கும் மிஷின் சும்மா கெடக்கு. உள்ளூர்க்காரன் நான் ஏழு மணிக்கே வாரேன். அவர எனக்குப் பின்னால போடுங்க."

இப்படியே ஒவ்வொருவரையும் பஸ் நேரம் பார்த்து நகர்த்தினார். நாளுக்கு ஒரு ஆள் கூடுதலாகப் படுக்க இடம் கிடைத்தது. அதுவரை திருநெல்வேலிக்கு அலைந்துகொண்டிருந்த பனவடலிசத்திரத்துப் பெண் ஒருத்தி அந்த இடத்துக்கு வந்தாள். அன்றைக்கு அண்ணாச்சி முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவருக்கே புதுச் சிறுநீரகம் கிடைத்த மாதிரி இருந்தார்.

எட்டு மாதம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

துஷ்டி வீட்டில் இருந்தபடியே நர்ஸுக்கு போன் செய்தேன். அவர் இடம் ஒருநாள்கூடச் சும்மா கிடக்கக் கூடாது என்று தோன்றியது. நர்ஸ், "காத்திருக்குற ஆளு இருக்கு. நான் சொல்லிருதேன்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு என் பைக் அவர் வீட்டு வாசலில் நின்றது. ஹாரனில் விரல் வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் அவர் மனைவி கதவைத் திறந்துவிட்டார். கையில் அவருடைய ஆஸ்பத்திரிப் பை; போர்வையும் பிளாஸ்க்கும் எடுத்து வைத்திருந்தார்.

"எனக்கும் மறந்துட்டு தம்பி" என்றார்.