சாவி என் சட்டைப்பையில் இருந்தது

ரத்தோட்டை,
1977 செப்டெம்பர்

கர்த்தருக்குள் அன்பான சம்பந்தி தேவசகாயம் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். கண்டியில் நீங்களும் என் மகளும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். வேண்டுதலைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

அறுப்பின் பண்டிகைக்கு உங்கள் ஆலயத்தில் ‘விசுவாசமும் செயலும்’ என்ற பொருளில் பிரசங்கிக்க அழைத்திருந்தீர்கள். மன்னிக்கவும், வேறு ஆளைப் பாருங்கள்.

போன மாதக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லய வீடுகள் எரிந்து, அங்கே குடியிருந்த அழகையாவும் மனைவி வேலம்மாவும் கைக்குழந்தையோடு மழையில் நடந்து எங்கள் ஆலய வாசலில் வந்து நின்றார்கள். மாலை ஆராதனை முடியும் நேரம். பார்த்ததும் எனக்கு நெஞ்சு கலங்கிவிட்டது. உடனே எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி, கண்ணை மூடி, அவர்களுக்காக ஜெபிக்கத் தொடங்கினேன். வாத்தியாராக இருந்தவன் அல்லவா, ஜெபமும் எனக்கு உதாரணம் இல்லாமல் வராது. எலியாவுக்குக் காகம் அப்பம் கொண்டுவந்ததை விளக்கினேன், நோவாவின் பேழைக்கு எத்தனை தட்டு என்பதையும் ஆண்டவர் மறந்திருப்பார் என்பதுபோல எடுத்துச் சொன்னேன். நடுவில் யாரோ என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்கள், மனம் உருகிவிட்டார்கள் என்று நினைத்து இன்னும் நீட்டினேன். ஜெபத்தின் நடுவே எங்கள் சபையில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் உட்காரும் வாங்குகள் எல்லாம் காலி. ஆலயம் கூட்டும் சிங்களப் பெண் நோனா மட்டும் நின்றாள்.

“எவ்வளவு இழுத்தேன் மாத்தயா. கண்ணத் தொறக்கலியே. மண்டபத்துச் சாவி உங்க பொக்கட்டுல தானே” என்றாள்.

பூட்டியிருந்த ஆலய மண்டபத்தில் பாயும் கம்பளியும் அடுக்கிக் கிடந்தன. சபையார் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஓசைப்படாமல் ஒவ்வொருவராக வெளியேறி, அந்தக் குடும்பத்தை எதிர்வீட்டு முஸ்லிம் பெண் நாச்சியாவிடம் கூட்டிப் போயிருந்தார்கள். நானும் ஓடினேன். எங்கள் பெண்கள் அங்கே ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார்கள். நாச்சியா நிமிர்ந்து பார்த்தாள்.

“துஆ முடிஞ்சா மாஸ்டர்? முடிஞ்சதுன்னா இந்தச் சட்டியக் கொஞ்சம் பிடிங்க.”

பிடித்தேன். சூடு தாங்காமல் கீழே வைத்தேன்.

விடியும்போது குழந்தைக்குக் காய்ச்சல். நான் காகத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது அது ஈரத்துணியோடு தாயின் தோளில் கிடந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம், பிழைத்துக்கொண்டது. இப்போது மூவரும் என் வீட்டு முன்னறையில் இருக்கிறார்கள். பெருமைக்கு எழுதவில்லை சம்பந்தி, பிந்திப் போனவன் நான். சாவியைக் கையில் எடுத்துக் கொடுத்திருந்தால் அன்றைக்கு அதுவே ஜெபமாயிருக்கும். இனி வாய்விட்டு ஜெபிப்பதில்லை, பிரசங்கமும் இல்லை என்று முடிவு செய்துவிட்டேன். எழுதி வைத்திருந்த பிரசங்கத்தை அடுப்பில் போடப்போகிறேன்.

சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளைக் கர்த்தர் காப்பாராக.

இப்படிக்கு,
யோ. ஞானமுத்து

பி.கு.: உறையை ஒட்டும்போது வேலம்மா குழந்தையோடு வந்து நின்றாள். “ஐயா, இது ராவும் பகலும் அழுவுது. அன்னைக்கு நீங்க ஜெபம் பண்ணயிலதான் அசந்து தூங்குச்சு. கொஞ்சம் பண்ணுங்களேன்” என்றாள். உங்களுக்காக எழுதிய பிரசங்கத்தை எடுத்து வாசித்தேன். இரண்டாவது உதாரணத்திலேயே தூங்கிவிட்டது. ஆகையால் மேலே எழுதியதை விட்டுவிடுங்கள், வருகிறேன். அவர்களும் வருகிறார்கள், இரண்டு பாய் எடுத்து வையுங்கள். பிரசங்கம் நீளாது. பிள்ளை தூங்கியதும் நிறுத்திவிடுவேன்.