யானை தள்ளியும் விழாத பங்களா

பாலகாட் லைன்,
கோலார் தங்கவயல்,
9-3-1966, புதன்கிழமை

என் தங்கை மகன், மாப்பிள்ளை ஆனந்தனுக்கு,

மாமன் சம்பங்கி ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம், உன் அத்தை மங்கம்மா சுகம், ஆடுகள் இரண்டும் சுகம். யானை மட்டும் சுகமில்லை. மெட்ராஸில் நீயும் உன் அம்மா சுலோச்சனாவும் சுகமாக இருப்பீர்கள் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் இன்று காலை உங்கள் சினிமாக் கம்பெனி முதலாளி இங்கே டைரக்டருக்கு அடித்த தந்தியை அவர் எனக்குப் படித்துக் காட்டினார். வெள்ளிக்கிழமைக்குள் பங்களா விழ வேண்டுமாம். விழாவிட்டால், அதைக் கட்ட என் பெயரைச் சொன்ன உனக்கு இனிமேல் கம்பெனியில் வேலை கிடையாதாம். ஆகவே இந்தக் கடிதத்தை மடிப்புக் கலையாமல் கொண்டுபோய் முதலாளி கையில் கொடு. குற்றம் முழுக்க என்னுடையது. நீ பிள்ளைப்பூச்சி.

முதலாளி அவர்கள் படிக்க வேண்டி, நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். குடும்பத்தோடு பார்க்கிற சிரிப்புப் படம், மிருகங்கள்தான் கதாநாயகர்கள் என்று நீ எழுதியிருந்தாய். காட்டை வெட்டி ஊர் கட்ட ஒரு கன்ட்ராக்டர் வருகிறான். யானை, கரடி, குரங்கு எல்லாம் கூட்டம் போட்டுப் பேசி அவனுக்குத் தொல்லை மேல் தொல்லை கொடுக்கின்றன. கடைசியில் யானை அவன் பங்களாவையே தள்ளிவிட, அவன் ஓட, ஜனங்கள் கைதட்ட, சுபம். கதை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. முப்பத்தொரு வருஷம் காட்டு மரத்தைக் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏற்றிச் சுரங்கத்துக்குள் இறக்கிப் பாறைக்கு முட்டுக் கொடுத்த டிம்பர்மேன் நான். "இந்தக் கதையில நீ யாரு கட்சிடா, கன்ட்ராக்டரா, கரடியா?" என்று என்கூட வேலை செய்த துரை கேட்டான். அவனுக்கு எப்போதுமே வாய் நீளம்.

உங்கள் ஆட்கள் நம் ஊரை ஏன் பிடித்தார்கள் என்றால், வெட்டாத காட்டுக்கு பாலகாட் பக்கத்து முள்ளுக்காடு, வெட்டி அழித்த காட்டுக்கு தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய நம் சயனைடு மேடு. புல் முளைக்காத அந்த வெள்ளை மேட்டைப் பார்த்து டைரக்டர் ஜெயகரன் சார் கையைத் தட்டினார். அந்த மேட்டைப் பார்த்து ஒரு மனுஷன் சந்தோஷப்பட்டதை இந்த ஊரில் அன்றுதான் பார்த்தோம்.

பங்களாவுக்கு முன்பக்கமும் இரண்டு பக்கச் சுவரும் போதும், பின்பக்கம் வேண்டாம் என்றார்கள். பின்பக்கம் இல்லாத வீட்டுக்கு வாசல்கதவு எதற்கு என்று உன் அத்தை கேட்டாள். அது சினிமா, உனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். எனக்கும் தெரியாது. மேலே பலகைக் கூரை, கீழே மூங்கில் தட்டி, நடுவில் ஒரே ஒரு முட்டு. யானை தலையை வைத்ததும் நாலு பேர் மறைவாக வடத்தைப் பிடித்து அந்த முட்டை இழுக்க வேண்டும், பங்களா சீட்டுக்கட்டு மாதிரி சரிய வேண்டும். டைரக்டர் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது. அவர் மேல் ஒரு பழியும் இல்லை. அவர் சொன்னபடியேதான் கட்டினேன், ஒற்றை முட்டோடு.

கெட்டது எங்கே என்றால், கன்ட்ராக்டர் வேஷம் போடுகிற பெரியசாமி அண்ணன் ஒத்திகைக்கு வந்த அன்று. அண்ணனுக்குத் தங்கமான மனசு, நெல் மூட்டை உடம்பு. பங்களா விழுவதற்கு முந்தின நொடியில் அவர் உள்ளேயிருந்து ஜன்னல் வழியாக வெளியே குதிக்க வேண்டும் என்றார்கள். ஜன்னலைப் பார்த்தேன், அண்ணனைப் பார்த்தேன். மறுபடி ஜன்னலைப் பார்த்தேன். மாப்பிள்ளை, அது அவர் பாதிக்குத்தான் போதும். அவர் மாட்டிக்கொண்டால்? அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள், பெரியது பத்தாவது படிக்கிறது என்று டீ குடிக்கும்போது சொல்லியிருந்தார். சரி, ஓர் ஆபத்துக்கு இருக்கட்டும் என்று வடத்தில் கட்டாத ஒரு முட்டைத் தட்டிக்குப் பின்னால் வைத்தேன். ஒரு பக்கம் வைத்துவிட்டு மறு பக்கம் வைக்காமல் விட்டால் கூரை ஓரவஞ்சனை பண்ணும், ஆகையால் அந்தப் பக்கமும் ஒன்று. இரண்டு முட்டு இருந்தால் மேலே குறுக்குக்கட்டை இல்லாமல் நிற்குமா, அதனால ஒரு கட்டை. கட்டை போட்டா ஆப்பு அடிக்காம எந்த டிம்பர்மேன் வீட்டுக்குப் போவான், நாலு ஆப்பு. நான் என்ன வேணும்னா செஞ்சேன், கை தானா போவுது, இந்தக் கையை நான் என்ன பண்ண? ஒத்தை முட்டு ஒம்பது ஆயிடுச்சு.

மங்கம்மா டீ கொண்டுவந்தவள் இதைப் பார்த்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "இன்னாய்யா இது? உழுந்து போற வூட்டுக்கு ஒம்பது முட்டு, நம்ம அடுப்பங்கரை சாய்ப்புக்கு ஒத்தக் குச்சியா?" என்றாள். போன வருஷம் பென்ஷன் வந்த புதிதில் அடுப்புக்கு மேலே ஒரு சாய்ப்பு போட்டுக் கொடுத்தேன், அது இவள் கண்ணுக்கு ஆகவில்லை. சம்பங்கி வைத்த முட்டு சாய்ந்ததாகச் சரித்திரம் இல்லை என்று அப்போதே சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை ஷூட்டிங். அல்லி என்கிற அந்த யானை பங்காருபேட்டையிலிருந்து லாரியில் வந்து, வழியெல்லாம் கரும்பு தின்று, நல்ல குஷியில் இருந்தது. டைரக்டர் கையைக் காட்ட, அல்லி தலையை வைத்துத் தள்ள, நாலு பேர் வடத்தை இழுக்க, நடு முட்டு கழன்று வந்தது, பங்களா சும்மா இருந்தது. அல்லி திரும்பிப் பாகன் கோவிந்தனைப் பார்த்தது. மறுபடி தள்ளியது. பெரியசாமி அண்ணன் கணக்குப்படி குதித்தார், நான் பயந்தபடியே ஜன்னலில் மாட்டினார், அவரை ஆறு பேர் பிடித்து இழுத்தோம், அப்பவும் பங்களா அசையல. செவ்வாய்க்கிழமை காலைல மூணு தடவ, மத்தியானம் ரெண்டு தடவ. அஞ்சாவது தடவ அல்லி தள்ளவே இல்ல, முன்னங்காலை மடக்கிக்கினு அங்கியே உக்காந்துடுச்சு. "சார், அதுக்கு மனசு உட்டுப் போச்சு சார். பொறந்ததுலேர்ந்து தள்ளி உழாதது இதான் மொதல் தடவ. ராத்திரி சோறே எடுக்கல," என்று கோவிந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இதற்கு நடுவில் கரடி நிழலுக்கு பங்களாவுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது, குரங்குகள் குறுக்குக்கட்டையில் குடித்தனம் வைத்துவிட்டன. விரட்ட வந்த மிருகங்கள் எல்லாம் குடியேறிவிட்டன என்று டைரக்டர் தலையில் கை வைத்தார்.

முட்டைப் பிடுங்கினால் தீர்ந்தது, கிழவன் ஏன் பிடுங்கவில்லை என்று முதலாளி கேட்பார். நியாயம். நேற்று சாயங்காலம் சம்மட்டியோடு போனேன். கை ஓங்கவில்லை. இதை உனக்கு நான் இதுவரை சொன்னதில்லை, உன் அப்பாவும் சொல்லியிருக்க மாட்டார், அவர் பேசாத மனுஷன். நாற்பத்திரண்டில் ஒரு நாள் கீழே சுரங்கத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை தானாகவே வெடித்தது. நான் முந்தின ஷிப்டில் வைத்த முட்டுக்கு அடியில் ஒன்பது பேர் அகப்பட்டுக்கொண்டார்கள். முட்டு தாங்கியதால் ஒன்பது பேரும் நடந்தே கேஜுக்கு வந்தார்கள். ஏழாவதாக வந்தவர் உன் அப்பா. அப்போது நீ சுலோச்சனா மடியில் இருந்தாய். அன்றையிலிருந்து ஆள் நிற்கிற கூரைக்கு அடியில் நான் முட்டை எடுத்ததில்லை, எடுக்கச் சொன்னால் எனக்குப் பயம், அதுதான் உண்மை.

ஆனாலும் உன் பிழைப்பு அதைவிடப் பெரியது. வெள்ளிக்கிழமை காலை பெரியசாமி அண்ணனைத் தூர நிறுத்திவிட்டு, மிச்ச முட்டு எல்லாவற்றையும் நானே தட்டி எடுத்துவிடுகிறேன். பங்களா விழும், அல்லியும் சாப்பிடும். முதலாளி மனம் இரங்கி உன்னை வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சுலோச்சனாவுக்கு என் விசாரிப்பு. வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு. நீ நூறு வயது இருந்து, உன் தலைக்கு மேல் உள்ள கூரை எப்போதும் நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமன்,
சம்பங்கி

பின்குறிப்பு (வியாழன் சாயங்காலம்): மேலே எழுதியது எதையும் முதலாளியிடம் காட்டாதே. இன்று மத்தியானம் மூன்று மணிக்குக் கீழே பாறை வெடித்து ஊரே ஆடியது. நம் லைனில் எல்லாரும் வெளியே வந்து, வழக்கம்போல சுரங்க வாயான ஷாப்ட் பக்கம் ஓடினோம். ஷிப்டு ஆட்கள் மேலே வந்து எண்ணிக்கை சரி என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது. ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அப்புறம்தான் சினிமாக்காரர்கள் ஞாபகம் வந்து ஓடிப் பார்த்தால், கேமராக்காரர் முதல் சமையல்காரர் வரை இருபத்தாறு பேரும் பின்பக்கம் இல்லாத அந்த பங்களாவுக்குள் நெருக்கியடித்து நிற்கிறார்கள், நடுவில் கரடி. அல்லி வெளியே நின்று தும்பிக்கையால் தூணைப் பிடித்திருந்தது. டைரக்டர் என் முட்டு ஒன்றை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தார். "இன்னா சார், இதுக்கா பயந்தீங்க? இது நம்ம ஊட்டுக்கு வந்து போற ஒறம்பரை சார்," என்று உன் அத்தை தண்ணீர் கொடுத்தாள். அவர் முட்டை விடவில்லை. "இதுல ஒரு ஆப்பைத் தொட்டீங்கன்னா நான் மெட்ராஸுக்கு நடந்தே போயிடுவேன்," என்றார். போஸ்டாபீஸுக்குப் போய் முதலாளிக்கு டிரங்க் கால் போட்டுக் கதையின் முடிவையே மாற்றிவிட்டார். மிருகங்கள் தள்ளிப் பார்த்து, விழாததால் தாங்களே உள்ளே குடியேறுகின்றன, கன்ட்ராக்டர் வெள்ளை மேட்டில் போய் உட்காருகிறான். முதலாளி சிரித்தாராம். உன் வேலை கெட்டி. அல்லி கரும்பு தின்றது.

இன்னும் ஒன்று, இதைத் துரைக்கு மட்டும் எழுதிவிடாதே. ஊர் முழுக்க ஆடியதில் ஒரு ஓடு கூட விழவில்லை. விழுந்தது நான் போட்ட அடுப்பங்கரைச் சாய்ப்பு ஒன்றுதான். உன் அத்தை அடுப்பைத் தூக்கிக்கொண்டு பங்களாவுக்குள் போய்விட்டாள். இன்று ராத்திரி எனக்குச் சோறு அங்கேதான், குரங்குகள் சாப்பிட்ட பிறகு.