சின்ன டாக்டர் கையில் ரோஸ் கட்டு

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கால் வலிக்கிறவர்கள் தாராளமாக நீட்டிக்கொள்ளலாம், இது காலைப் பற்றிய கதைதான். நடுவில் ஒரு கையும் வந்து மாட்டிக்கொள்ளும். சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள், அவ்வளவுதான் நான் கேட்பது.

காலை எட்டரை மணி. குழந்தைகள் எலும்பு ஆஸ்பத்திரியின் கட்டுப் போடும் அறையில், சின்ன டாக்டர் ஓர் ஐந்து வயதுப் பெண்ணின் முன்னால் மண்டியிட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"ஒரே நிமிஷம் தங்கம். இந்த மிஷின் கட்டை மட்டும்தான் வெட்டும். உன்னை வெட்டாது."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க. யாரும் வெட்டிக் காட்ட மாட்டேங்கறீங்க."

"போன வாரமும் இதே மிஷின்தானே? உன்னை வெட்டிச்சா?"

"போன வாரம் அதுக்குப் பசிக்கலை."

வார்டில் அவளுக்கு மகாராணி என்று பெயர். ஏன் என்று கேட்க வேண்டியதில்லை. பிறக்கும்போதே உள்பக்கம் வளைந்திருந்த வலது பாதம். கைக்குழந்தையாக இருந்தபோது நிமிர்த்திவிட்டார்கள், ஆனால் அவள் வளர வளர அதுவும் பழையபடி வளையப் பார்த்தது. வாரத்துக்கு ஒரு கட்டாகப் போட்டு மறுபடி வழிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இனி ஆபரேஷன் செய்து ஒரு தசைநாரை இடம் மாற்றித் தைத்துவிட்டால், பாதம் தரையில் பதிந்து நிற்கும்.

சின்ன டாக்டர் என்றதும் வயதில் சின்னவர் என்று நினைத்துவிடாதீர்கள். முப்பத்தாறு முடிந்துவிட்டது. நெற்றி உச்சந்தலையை நோக்கிப் புறப்பட்டுப் பாதி வழி போயாயிற்று. டாக்டர் படிப்பு, அதற்கு மேல் எலும்புப் படிப்பு, அதற்கும் மேல் குழந்தை எலும்புக்கென்று தனியாக ஒரு வருஷ ஃபெல்லோஷிப் பயிற்சி. அவருடைய மாமியார் வாரம் ஒருமுறை மகளிடம் தவறாமல் கேட்பார்: "மாப்பிள்ளை இந்த வருஷமாவது பாஸாயிடுவாரா?"

பத்து மாதமாக ஆபரேஷன் தியேட்டரில் அவருக்கு வாய்த்தது கொக்கி ஒன்றுதான். பெரிய டாக்டர் கத்தியைப் பிடிப்பார். சின்ன டாக்டர் சதையை விலக்கும் கொக்கியைப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி நிற்பார். சாப்பிடும்போது கரண்டியைக்கூடக் கொக்கி பிடிக்கிற மாதிரியே பிடிக்கிறார் என்று மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

அன்று காலை பெரிய டாக்டர் போனில் கூப்பிட்டார். ஏழு மணிக்கு வார்டை எட்டிப் பார்த்தவர், அதற்குப் பிறகு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். ரவுண்ட்ஸ் கிடையாது, யாரும் உள்ளே வரவும் கூடாது.

"மகாராணி கட்டை நீங்களே பிரிச்சுடுங்க. ஒரு சொட்டுக் கண்ணீர் வரக் கூடாது. வரலைன்னா, வியாழக்கிழமை அவ ஆபரேஷன் உங்களுது. கத்தி உங்க கையில, கொக்கி என் கையில."

"வந்துட்டா சார்?"

"கொக்கிதான்."

இப்போது புரிகிறதா, அவர் ஏன் மண்டியிட்டார் என்று?

சின்ன டாக்டர் எழுந்தார். "வெட்டிக் காட்டணும், அவ்வளவுதானே? இங்க பாரு," என்று மிஷினைத் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டப் போனார்.

"உங்க கையில கட்டே இல்லையே," என்றாள் மகாராணி. "கட்டு இருந்தாத்தானே அதுக்குக் கோபம் வரும்?"

கட்டுப் போடும் அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார். இருபது வருஷமாகக் கட்டுப் போடுகிற மனிதர். இப்போதெல்லாம் மாவும் கிடையாது ஒன்றும் கிடையாது, கலர் கலரான ஃபைபர் ரோல்தான். ஆனாலும் ஆஸ்பத்திரி முழுக்க அவரை மாவுக்கட்டு அண்ணன் என்றுதான் கூப்பிடும்.

"அண்ணே, என் இடது கையில ஒண்ணு போடுங்க. சின்னதா, மணிக்கட்டோட."

"டாக்டர், நிஜமாவா?"

"அஞ்சு நிமிஷத்துல பிரிச்சுடப் போறோம். போடுங்க."

"என்ன கலர் போடட்டும் பாப்பா? நீலமா?"

"நீலம் வேண்டாம். நீலம் முடிஞ்சுபோச்சு. ரோஸ்."

அண்ணன் அலமாரியைத் திறந்து பார்த்தார். நீல ரோல் இருந்த பெட்டி காலி. "நேத்து சாயங்காலம் ரெண்டு இருந்துச்சே," என்று முனகிக்கொண்டே ரோஸை எடுத்தார்.

மணிக்கட்டுக்குச் சுற்றியானதும் மகாராணி தன் கட்டைக் காட்டினாள். அது தொடை வரை, முழங்கால் மடங்கின நிலையில் இருந்தது. "எனக்கு முட்டிக்கு மேல இருக்கு. உங்களுக்கு மட்டும் குட்டியா?"

சின்ன டாக்டர் வியாழக்கிழமையை நினைத்துக்கொண்டார். "முட்டிக்கு மேலயே போயிடுங்க அண்ணே."

ஐந்தே நிமிஷத்தில் கட்டு கல்லாக இறுகியது. யாரிடமோ டீ கேட்டு நீட்டினாற்போல் கை மடங்கி நின்றது. மகாராணி தட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். "ம். இப்ப வெட்டுங்க. உங்களை வெட்டலைன்னா நானும் பிரிச்சுக்கறேன். அழ மாட்டேன். சத்தியம்."

வெற்றி என்று நினைத்தார் பாவம்.

அண்ணன் மிஷினை அழுத்தினார். 'விர்ர்' என்றது, 'கிர்ர்' என்றது, தீய்ந்த வாடை ஒன்று விட்டது. நின்றுவிட்டது.

"என்னண்ணே?"

அண்ணன் மூடியைக் கழற்றி முகர்ந்து பார்த்தார். "மோட்டார் போச்சு டாக்டர். யாரோ இதைத் தாறுமாறா ஓட்டியிருக்காங்க. நேத்து நான் துடைச்சு வைக்கும்போது குழந்தை மாதிரி இருந்துச்சு."

"வேற மிஷின்?"

"ரிப்பேருக்குப் போயிருக்கு. வர்ற திங்கக்கிழமை."

மாவுக்கட்டாக இருந்தால் தண்ணீரில் ஊறும், பிரிக்கலாம். ஃபைபர் ஊறாது. தெரிந்துகொண்டே இரண்டு பேரும் அந்தக் கையை வாளி வெந்நீரில் முக்கினார்கள். கட்டு ஊறவில்லை, உள்ளே இருந்த பஞ்சு ஊறியது. கை கனத்தது, கூடவே அரிப்பும் வந்து சேர்ந்தது. சின்ன டாக்டர் பென்சிலை உள்ளே விட்டுச் சொறிந்தார். பென்சில் உள்ளேயே தங்கிவிட்டது.

"வலிக்குதா?" என்று மகாராணி கரிசனமாகக் கேட்டாள். "அழாதீங்க டாக்டர். மூச்சை நல்லா இழுத்து விடுங்க." அவர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான்.

வேறு வழியில்லாமல் தியேட்டருக்குப் போன் செய்தார்.

"சிஸ்டர், கட்டு வெட்டற மிஷின் உடனே வேணும். கையில மாட்டிக்கிச்சு."

"யார் கையில?"

"என் கையில."

"ஐயையோ! எப்படி டாக்டர்? விழுந்தீங்களா?"

"விழலை சிஸ்டர். போட்டுக்கிட்டேன்."

"போட்டுக்கிட்டீங்களா! யார்கூட?"

"யார்கூடவும் இல்ல. எல்லாம் இந்த அஞ்சு வயசுப் பொண்ணாலதான்..."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "மிஷின் கேஸ் முடிஞ்சதும் வரும் டாக்டர். ஆனா கை ஒடிஞ்சவங்களை நான் தியேட்டருக்குள்ள விட முடியாது. வியாழக்கிழமை லிஸ்ட்ல உங்க பேரை அடிச்சுடறேன். பெரிய டாக்டருக்கும் சொல்லிடறேன்."

"சிஸ்டர், ஒடியலை..."

போன் வைத்தாயிற்று.

அடுத்த கால் மணியில் ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்துவிட்டது. சின்ன டாக்டர் ஐந்து வயதுப் பெண்ணோடு சண்டை போட்டுக் கையை ஒடித்துக்கொண்டார். செய்தி வாசலைத் தாண்டி வீடு வரை போனது. அலைபேசி அடித்தது. மாமியார்.

"மாப்பிள்ளை, கேள்விப்பட்டேன். இவ அழுதுக்கிட்டு இருக்கா, அதான் நான் பேசறேன். ஒரு சின்னப் பிள்ளைகூடவா சண்டை போடுவாங்க?"

"அத்தை, சண்டையே இல்லை..."

"சரி விடுங்க. போட்டதுதான் போட்டீங்க, ஜெயிச்சிருக்கக் கூடாதா?"

அதற்குள் உள்போன் அலறியது. பெரிய டாக்டர். "என் ரூமுக்கு வாங்க. உடனே."

வெள்ளைக் கோட்டுக்குள் அந்தக் கை நுழையவில்லை. தோளில் போர்த்திக்கொண்டார். மேலே எக்ஸ்ரே கவர்களை அடுக்கி மறைக்கப் பார்த்தார். கைதான் டீ கேட்கிற நிலையில் இருக்கிறதே, கவர்கள் ஒவ்வொன்றாகச் சறுக்கி விழுந்தன.

"நானும் வரேன்," என்றாள் மகாராணி. "உங்க மேல தப்பில்லைன்னு சொல்றேன்."

அண்ணன் அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். பின்னால் சின்ன டாக்டர், தூக்கு மேடைக்குப் போகிறவர் மாதிரி. பத்து மாசக் கொக்கி, பதினைந்து வருஷப் படிப்பு, எல்லாம் ஒரு ரோஸ் கட்டுக்குள் மாட்டிக்கொண்டு நசுங்குகிறதே என்று கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தார். ஆனால் ஒன்று கவனித்தார்: முன்னால் போகிற பெண் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போனாள். மிஷினைப் பற்றிய பயம் எங்கோ போய்விட்டது.

பெரிய டாக்டர் பெரிய மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். யார் உள்ளே வந்தாலும், நோயாளிக் குழந்தையே வந்தாலும், எழுந்து நிற்கிற மனிதர் அன்று எழுந்திருக்கவில்லை. நாற்காலியை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

"இது என்ன கோலம்?"

சின்ன டாக்டர் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். பென்சிலைக்கூட விடவில்லை.

"அஞ்சு வயசுக் குழந்தை சொன்னான்னு ஒரு சர்ஜன் தன் கையில கட்டுப் போட்டுக்குவாரா? முட்டிக்கு மேல வேற! மிஷின் ஓடுதான்னுகூடப் பார்க்காம!"

"பார்த்திருக்கணும் சார்."

"இந்தப் புத்தியை வச்சுக்கிட்டு எந்தத் தைரியத்துல உங்க கையில கத்தியைக் குடுக்கறது?" அவர் பேனாவை எடுத்தார். வியாழக்கிழமை லிஸ்ட் மேஜை மேல் இருந்தது. "தியேட்டர் சிஸ்டர் அடிச்சது சரிதான். நானும் கையெழுத்துப் போட்டுடறேன். கொக்கியே உங்களுக்குப் போதும்."

பேனா காகிதத்தைத் தொட்டது.

மகாராணி பள்ளிக்கூடத்தில் செய்வதுபோல் கையைத் தூக்கினாள்.

"பெரிய டாக்டர், நான் பிராமிஸ் பண்ண மாதிரியே, வெட்டிக் காட்டறேன்னு காலையில உங்க கால்ல போட்டுக்கிட்டீங்களே நீலக் கட்டு, அதைப் பத்தி இவங்க யார்கிட்டயும் ஒரு வார்த்தைகூடச் சொல்லலை!"

வியாழக்கிழமை யார் கையில் கத்தி இருந்தது, யார் கையில் கொக்கி இருந்தது என்று இனி நான் வேறு சொல்லவேண்டுமா? போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஓடட்டும், விழட்டும், ஒரு கீறலும் இல்லாமல் எழுந்து மறுபடி ஓடட்டும். உங்கள் வீட்டுக்குள் கட்டு என்று ஒன்று வந்தால், அது கல்யாணப் பத்திரிகைக் கட்டாகவே வரட்டும்.