முன் படம், பின் படம்

நல்ல காரியம் ஒன்று நடந்தால் அதைப் பார்க்காமல், அதைப் படமெடுக்க வெளிச்சம் போதுமா என்று பார்க்கிற ஓர் இனம் உண்டு. ஆதாரப் பிராணி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் அலுவலகத்திலும் ஒன்று இருக்கும்.

எங்களுடையதற்குப் பசுமை சார் என்று பெயர். சுற்றுச்சூழலைக் காக்கிறோம், ஊழியர்களை மனிதர்களாக நடத்துகிறோம், நிர்வாகத்தில் தில்லுமுல்லு இல்லை என்று மூன்று பெரிய விஷயங்களையும் ஒரே கண்ணாடிச் சட்டத்துக்குள் அடக்கி வரவேற்பறையில் மாட்டியிருக்கிறோமே, அந்தச் சான்றிதழை வாங்கி வந்தவர் அவர்தான். வாங்குவது பெரிதில்லை. ஆண்டுதோறும் காப்பாற்ற வேண்டும்.

காப்பாற்றுவது என்றால்? மின்சாரத்தை மிச்சப்படுத்த விளக்கணைக்கும் நாளில், இருட்டில் படம் விழாது என்பதால் எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டு, நாங்கள் இருட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். குறைகேட்புப் பெட்டிக்குப் பக்கத்தில் குறையே இல்லாத ஆளாக நிற்க வேண்டும். செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது கேமராவைப் பார்க்க வேண்டும். செடி பிளாஸ்டிக்தானே என்று யாராவது முணுமுணுத்தால், "அப்ப தண்ணி மிச்சம்தானே?" என்பார்.

இந்த ஆண்டு சோதனை ஒரு குழாயின் வடிவில் வந்தது. தணிக்கையாளர் வரப்போகிறார். ஏதாவது ஒன்றிலாவது முன்னேற்றம் காட்டாவிட்டால் சான்றிதழ் போய்விடும். கூடவே பசுமை சாரின் தனியறையும் போய், அவர் பழையபடி கிடங்கு வேலைக்கே திரும்ப வேண்டும். அவர் மலைபோல் நம்பியிருந்தது மாடிக் கழிவறையில் சொட்டிக்கொண்டிருந்த ஒரு குழாயை. தணிக்கையாளர் கண்ணெதிரே அது சொட்ட வேண்டும், கண்ணெதிரே நிற்க வேண்டும். முன் படம், பின் படம். அதுவரை யாரும் கை வைக்கக்கூடாது. குழாய்க்கு மேலே மட்டும் ஓர் அட்டை: 'நீரைச் சேமிப்போம்.'

தணிக்கை நாள் காலையில் போய்ப் பார்த்தால், குழாய் கப்சிப். கழிவறைச் சுவருக்கு அந்தப்பக்கம் உட்காரும் டெலிபோன் அக்காதான் புது வாஷர் போட்டிருந்தார்.

"யாரைக் கேட்டு சரி பண்ணீங்க?"

"குழாயைத்தான் சார். ஒரு வருஷமா கேட்டுக்கிட்டேதான இருக்கேன், டொக்கு டொக்குன்னு."

"முன்னேற்றத்தையே அடைச்சிட்டீங்களே அக்கா. பழைய வாஷர் எங்க?"

"குப்பையில போட்டேன்."

"எந்தக் கலர் குப்பையில?"

அக்கா யோசித்தார். "ரப்பருக்கு எந்தக் கலர்னு நீங்கதான சார் சொல்லணும்?"

அவருக்கும் தெரியவில்லை. பச்சை, நீலம், சிவப்பு என்று எல்லாத் தொட்டிகளையும் கவிழ்த்து, குப்பைக்கு நடுவில் முழங்காலிட்டுத் தேடி, அந்த நைந்த வாஷரைக் கண்டெடுத்து, சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு தாமே மாட்டினார். ஒரு குழாயைக் கெடுக்க ஒரு மனிதர் இவ்வளவு அக்கறையாகப் பாடுபட்டு நான் பார்த்ததில்லை. சொட்டியது. அவர் முகத்தில் உயிர் வந்தது.

தணிக்கையாளர் வந்தார். கை கழுவக் குழாயைத் திருகினார். குழாயின் தலை அவர் கையோடு வந்துவிட்டது. தண்ணீர் கூரைவரை போய் விசாரித்துவிட்டு அவர் தலைமேல் இறங்கியது. வேறு யாராக இருந்தாலும் துண்டைத் தேடியிருப்பார்கள். பசுமை சார் போனைத் தேடினார்.

"சார், ஒரு நிமிஷம் அப்படியே நில்லுங்க. முன் படம்."

அக்கா ஓடிப்போய் வால்வை மூடினார்.

"இப்ப லேசா சிரிங்க சார். பின் படம்."

சான்றிதழ் பிழைத்துக்கொண்டது. தனியறையும்தான். நீர்ச் சேமிப்பில் இத்தனை தெளிவான முன்னேற்றத்தை வேறெந்த நிறுவனத்திலும் நேரடியாக உணர்ந்ததில்லை என்று தணிக்கையாளர் எழுதியிருந்தார். கிண்டலா என்று எங்களுக்குச் சந்தேகம். பசுமை சாருக்கு இல்லை. அதையும் சட்டம் போட்டு மாட்டிவிட்டார்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அன்றைக்கு வீட்டில் அதிசயமாகப் பாத்திரம் கழுவினீர்களே, எல்லாம் முடிந்த பிறகும் ஒரே ஒரு தட்டைக் கையில் பிடித்தபடி, யாராவது சமையலறைக்குள் வந்து பார்க்கும்வரை குழாயைத் திறந்தே விட்டிருந்தது யார்?