கைராசி மாஸ்டரின் ஸ்ஸ்ஸ் மந்திரம்

ரொட்டித் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த வாலிபால் மைதானத்தில் அந்த வாரம் ஈ காக்கை இல்லை. தப்பு, காக்கை இருந்தது. வலைக் கயிற்றின்மேல் வரிசையாக ஏழு. ஆட வேண்டியவர்கள்தான் எதிர்ச் சந்தில், கைராசி மாஸ்டர் வீட்டு வாசலில், ஆளுக்கொரு பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்கள்.

மாஸ்டர் லேசுப்பட்டவரா? அவர் கை பட்ட பந்து வலையைத் தாண்டாமல் இருந்ததில்லையாம். அவரிடம் போய்வந்த மறுநாளே சலவைக்காரர் அணி ஜெயித்ததாம். எதிரணி பஸ் கிடைக்காமல் வரவே இல்லை என்பது உண்மைதான். அந்த பஸ்ஸை நிறுத்தியதும் மாஸ்டர்தானாம்!

வரிசையில் பதினோராவதாக நின்றாள் குச்சி. பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை. ஒட்டடைக்குச்சி போல உயரம் என்று யாரோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவ்வளவு உயரம் இருந்து என்ன? போன வருடம் இறுதி ஆட்டத்தின் கடைசி சர்வீஸை வலையில் அடித்துக் கோப்பையைத் தாரை வார்த்தவள் அவள்தான். இந்த முறை அணித் தலைவி ஓவன் அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"அடுத்த வாரம் சனிக்கிழமை பத்து சர்வீஸ் போடு. ஏழு உள்ள விழணும். இல்லேன்னா உன் இடத்துல டைப்பிஸ்ட் ஆடுவா. அப்புறம் அழக்கூடாது."

சொன்னதோடு விடவில்லை. ரொட்டி அடுக்கும் அறைச் சுவரில் ஒரு தாளும் ஒட்டினாள். தினம் நாற்பது சர்வீஸ். பந்தை ஒரே உயரத்தில் தூக்கிப் போட வேண்டும். எதிர்மூலையில் ஒரு நாற்காலி. அதைக் குறி வைக்க வேண்டும். குச்சி இரண்டு நாள் அடித்துப் பார்த்தாள். தோள் வலித்தது. நாற்பது தடவை அடிப்பதைவிட ஒரே ஒரு தடவை மந்திரித்துக்கொள்வது சுலபமில்லையா? மூளை என்று ஒன்று எதற்கு இருக்கிறது, இப்படி வழி கண்டுபிடிக்கத்தானே!

அவள் முறை வந்தது. விரலுக்கு விரல் மோதிரம் போட்ட மாஸ்டர் பந்தை வாங்கி, வயிற்றோடு அணைத்துக்கொண்டு, கண்ணை மூடினார்.

"ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்..."

மந்திரம் அவ்வளவுதான். ஆனால் நீளம் அதிகம். மூச்சு முட்டும்வரை சொன்னார்.

"இப்போ கண்ண மூடும்மா. தொறந்தா தோஷம் கண்ணு வழியா உள்ள போயிடும்." கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு அழைத்துப் போய், அங்கே கட்டியிருந்த வலைக்கு எதிரே ஒரு கோட்டில் நிறுத்தினார். "இப்போ தொற. வலைய மட்டும் பாரு. அடி!"

அடித்தாள். பந்து செத்த எலி மாதிரி வலையடியில் விழுந்தது.

"பாத்தியா!" என்றார் மாஸ்டர், பரம திருப்தியோடு. "பீடை. மணிக்கட்டுல உக்காந்திருக்கு. உனக்கு நேரம் சரியில்ல. நேரத்தக் கழட்டி வை."

குச்சி கைக்கடிகாரத்தைக் கழற்றி, ஏற்கெனவே பல கடிகாரங்கள் கிடந்த பிஸ்கட் டப்பாவில் வைத்தாள். பந்து உள்ளறைக்குப் போனது. உள்ளே மணி கணகணவென்று அடித்தது. பந்து திரும்பி வந்தது. அடித்தாள். ஜிவ்வென்று தாண்டியது! கூட்டம் கைதட்டியது. குச்சிக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

மறுநாள் மைதானத்தில் அடித்தபோது பந்து பழையபடி வலையில். மாஸ்டரிடம் ஓடினாள். "நம்பிக்கை பத்தலம்மா. வேற கடிகாரம் ஏதாவது வீட்ல இருக்கா?" என்றார் அவர்.

வீட்டில் இருந்தது. அவள் அண்ணி கையில். அண்ணி தெருமுனையில் டயர்க் கடை வைத்திருப்பவள். முழங்கைவரை கரி, வாய் நிறையக் கிண்டல்.

"அண்ணி, உங்க வாட்ச ஒரு நாள் தாங்களேன்."

"உன் வாட்ச் என்ன ஆச்சு? ரொட்டிக்குள்ள வெச்சு பேக் பண்ணிட்டியா?"

குச்சி மென்று விழுங்கி எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணி லாரி டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கியபடியே கேட்டாள்.

"இரு இரு. என்ன மந்திரம்?"

"ஸ்ஸ்ஸ்ஸ்னு நீளமா..."

"அடிப் பாவி! அந்த மந்திரம் என் கடையில ஒரு நாளைக்கு நாப்பது தடவ கேக்குதே. எனக்கு யாரும் வாட்ச் தரலியே!"

"கிண்டல் பண்ணாதீங்க அண்ணி. உள்ள போய் மணி அடிச்சதும் பந்து நல்லாத்தானே ஆச்சு?"

"மணிச் சத்தத்துக்கு அடியில வேற சத்தம் ஏதாவது கேட்டுச்சா? புஸ்ஸு புஸ்ஸுன்னு?"

குச்சி யோசித்தாள். யோசிக்க யோசிக்க முகம் நீண்டது. "மாஸ்டர் பெருமூச்சு விடறாருன்னு நெனச்சேன்."

"விடுவாரு, விடுவாரு. நாளைக்கு விட வைப்போம்."

மறுநாள் மாலை அண்ணி அதே கரிக் கையோடு மாஸ்டர் வீட்டுக் கூடத்தில் போய் நின்றாள். ஒரு கையில் பந்து, மறு கையில் காற்று அளக்கும் கேஜ். பந்துக்கான ஊசியை அதில் மாட்டி, கூட்டத்தின் நடுவே பந்தில் செருகினாள்.

"ஓவன் அக்கா, நீங்களே முள்ளப் பாத்துச் சொல்லுங்க."

"நாலரை. சரியான காத்து" என்றாள், வேடிக்கை பார்க்க வந்திருந்த ஓவன் அக்கா.

"மாஸ்டர், இந்தப் பந்துல பீடை இருக்கான்னு பாருங்க."

"இதெல்லாம் கருவிக்கு அடங்காத சக்தி..."

"அடங்க வேணாம். நீங்க பாட்டுக்கு மந்திரம் சொல்லுங்க."

அத்தனை பேர் பார்க்கும்போது மறுப்பதெப்படி? மாஸ்டர் பந்தை அணைத்தார். "ஸ்ஸ்ஸ்..." வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடித்துவிட்டார்.

அண்ணி கேஜை மறுபடி செருகினாள். ஓவன் அக்கா குனிந்து பார்த்தாள். "மூணுகூட இல்லியே!"

"பீடை காத்தக் குடிச்சிடுச்சு!" என்றார் மாஸ்டர். சமயோசிதம் என்றால் அதுதான்.

"அப்படியா? எங்க, மோதிரத்தக் கழட்டிட்டு ஒரு தடவ சொல்லுங்க. அப்பவும் குடிக்குதான்னு பாப்போம்."

மாஸ்டர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பின்னால் நின்ற சலவைக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். நடுவிரல் மோதிரத்தின் உள்பக்கம் ஒரு சின்ன ஊசி. உள்ளறையில் பூத்தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கைப்பம்பு.

கூட்டம் கொதித்தது. குச்சி மட்டும் கூச்சல் போடவில்லை. அவளுக்கு ஒரு கணக்கு இடித்தது. மைதானத்துப் பந்தில் காற்று இருந்ததே? அது ஏன் தாண்டவில்லை? பின்கட்டுக்குப் போனாள். இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டு போனாள். வலையடியிலிருந்து கோடுவரை அடிமேல் அடி வைத்து அளந்தாள். பிறகு அங்கிருந்தே கத்தினாள்.

"அக்கா! நம்ம மைதானத்த விட இங்க பத்துக் காலடி கம்மி! கோட்டையே முன்னால போட்டு வெச்சிருக்கான் மனுஷன்!"

தினமும் அளந்து அளந்து ஆடுகிற ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு போய்க் குட்டைக் கோட்டில் நின்று அடித்து, கைதட்டிவிட்டு வந்திருக்கிறார்கள்!

பிஸ்கட் டப்பாவிலிருந்து கடிகாரங்கள் திரும்பி வந்தன. சாவி கொடுக்க ஆளில்லாமல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டியது. மாஸ்டருக்கு மட்டும் எல்லாக் கடிகாரமும் ஒரே நேரத்தைச் சொன்னது போலிருக்கிறது. பொழுது விடிவதற்குள் ஊரைவிட்டுப் போய்விட்டார்.

குச்சி சுவரில் ஒட்டிய தாளுக்குத் திரும்பினாள். தினம் நாற்பது. முதல் நாள் நாற்பதில் ஒன்பது தாண்டியது. "பந்தத் தலைக்குப் பின்னால தூக்கிப் போடறடி. முன்னால, வலது தோளுக்கு நேரா போடு" என்றாள் ஓவன் அக்கா. மூன்றாம் நாள் பதினேழு. தாண்ட ஆரம்பித்ததும் அடுத்த பாடம்: "பலமா அடிக்காத. எதிராளி ரெண்டு பேருக்கு நடுவுல போடு. நீ எடு, நான் எடுன்னு அவங்க பாத்துக்கிட்டு நிக்கணும்." நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி முளைத்தது. தோள் வலித்தது. அண்ணி வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள், கிண்டல் இலவசம்.

சனிக்கிழமை. ஒன்பது சர்வீஸ் முடிந்தது. ஆறு உள்ளே, மூன்று வெளியே. டைப்பிஸ்ட் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டு தயாரானாள். குச்சி கோட்டில் நின்றாள். போன வருடத்து வலை கண்முன் ஆடியது. பந்தைத் தூக்கினாள், கொஞ்சம் பின்னால் போயிற்று. அடிக்கவில்லை. பிடித்துக்கொண்டு, மறுபடி தூக்கினாள். வலது தோளுக்கு நேராக. அடித்தாள். பந்து வலைக் கயிற்றை உரசாமல் போய் இரண்டு நாற்காலிக்கும் நடுவே பொத்தென்று விழுந்தது.

"டைப்பிஸ்டு, கயித்த அவுத்துடும்மா" என்றாள் ஓவன் அக்கா.

திங்கட்கிழமை காலை டயர்க் கடை வாசலில் நீளமாக ஒரு வரிசை. ஆளுக்கொரு பந்து. அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. முன்னால் நின்ற சலவைக்காரர் பணிவாகக் கை நீட்டினார்.

"அந்தக் கேஜ ஒரு தடவ என் மணிக்கட்டுல தொட்டு விடுங்கம்மா. குச்சிக்கு அதனாலதான் சர்வீஸ் வந்துச்சாமே?"

அண்ணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கேஜை எடுத்தாள். மணிக்கட்டில் வைக்கவில்லை, நெற்றியில் வைத்தாள்.

"நாலரைக்கு மேல காட்டுதே! அண்ணே, காத்து பந்துக்குள்ள இருந்தாத்தான் ஆட்டம். தலைக்குள்ள இருந்தா, அடுத்த மாஸ்டர் நம்மள வெச்சு ஆடுவான். போங்க, போய் நாப்பது அடிங்க."