இரண்டு ஏஸ் வந்த ஞாயிற்றுக்கிழமை

அன்புவழிபுரம்,
திருகோணமலை.
புதன்கிழமை காலை.

அன்பு மருமகன் சிவரூபனுக்கு,

கோணேசர் கிருபையால் நானும் உமது மாமியும் மச்சாள் கீர்த்தனியும் உடம்பால் சுகம். கனடாக் குளிரில் நீரும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். மனத்தால் எப்படி இருக்கிறோம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாம். ஆனால் உம்மிடம் இனி ஒரு புத்தியும் கேட்கக் கூடாது என்று மாமி ஞாயிற்றுக்கிழமையே என் போனைப் பறித்து அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டா.

ஓகஸ்ட்டில் வந்தபோது எங்களுக்கு லிமிட் போக்கர் பழக்கிவிட்டுப் போனீர். ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் மூன்று சீட்டை மலர்த்த முன் ஒரு சுற்றுப் பந்தயம், கூட்டுவதென்றால் குறித்த அளவுதான் கூட்டலாம், அதுவும் ஒரு சுற்றில் மூன்று தரம்தான். புளியங்கொட்டைக்கு விளையாடுவதால் மாமியும் தடை சொல்லவில்லை. நானோ முப்பத்திரண்டு வருஷம் துறைமுகத்தில் கப்பல் வருகை பதிந்த எழுதுவினைஞன். கப்பல் வரும்போது வரும், அதுவரை காத்திருப்பதுதான் உத்தியோகம். அந்தப் பழக்கத்தில் எவ்வளவு நல்ல சீட்டு வந்தாலும் மற்றவர் போட்டதற்குச் சரியாகப் போட்டுவிட்டு, நடுவில் என்ன வருகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீர்தான் புறப்படுகிற அன்று வான் வண்டியில் ஏறிக்கொண்டே, "மாமா, நல்ல சீட்டை வச்சுக்கொண்டு சும்மா இருக்கப்படாது. மூண்டு சீட்டு மலர முன்னமே கூட்டுங்கோ. அரைகுறைச் சீட்டுக்காரர் விலகட்டும். கடைசியாப் போடுற கதிரையில இருந்தியள் எண்டால் இன்னும் துணிஞ்சு கூட்டலாம்" என்று சொன்னீர். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஞாயிறு பின்னேரம் எங்கள் விறாந்தையில் கூடுவது மூன்று பேர். நான், பக்கத்து வீட்டுப் பாக்கியரத்தினம், துறைமுகப் பக்கம் கயிறும் பெயின்றும் விற்கும் தவராசா. தவராசாவின் மகன் விதுசனுக்கும் நம் கீர்த்தனிக்கும் ஒருவரையொருவர் பிடித்திருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். தெரியாத மாதிரி இருந்தது நாங்கள் இரண்டு தகப்பன்மார்தான். போன ஞாயிறு தவராசா வெளுத்துத் தேய்த்த சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து, "சோமசேகரம், உங்களோட ஒரு கதை இருக்கு. இந்த ஆட்டம் முடியட்டும்" என்றார். குசினிக்குள் பாத்திரச் சத்தம் நின்றது. நான் சீட்டை எடுத்துப் பார்த்தால் இரண்டு ஏஸ், அதைவிடப் பெரிய சோடி கிடையாது. நாலு மாதமாக எனக்கு வராத இரண்டு ஏஸ், மருமகன், சம்பந்தி ஆகப்போகிற மனுசன் வாய் திறக்கிற நேரம் பார்த்து வந்தது. கூட்டுவதா, கும்பிட்டு விலகுவதா? மாமி முறுக்குத் தட்டை வைக்கிற சாட்டில் வந்து, என் சீட்டையும் பார்த்து, தோற்றுவிடச் சொல்லிக் கண்ணால் கெஞ்சினா. என் கை கேட்கவில்லை. கூட்டினேன். பாக்கியரத்தினம் விலகினார். தவராசா திருப்பிக் கூட்டினார். மூன்றாவது கூட்டையும் நானே போட்டேன். தவராசாவின் முகம் கோணியது. வாயைப் பொத்தியபடி எழும்பினார், சீட்டைக் கவிழ்த்து எறிந்தார், குடையை எடுத்தார், சொல்ல வந்த கதையைச் சொல்லாமலே படலையைத் திறந்து போய்விட்டார்.

பாக்கியரத்தினம் அந்தச் சீட்டை மெல்ல மலர்த்தினார். இரண்டு ராசா, ஏஸுக்கு அடுத்த பெரிய சோடி.

"ரெண்டு ராசாவை எறிஞ்சுபோட்டுப் போற மனுசன் சும்மா கோவத்தில போகேல்லை" என்று சொல்லிவிட்டு அவரும் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததை எழுத ஏலாது. கீர்த்தனி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மாமி, "பிள்ளையின்ர வாழ்க்கையைப் புளியங்கொட்டைக்கு வித்துப்போட்டியள்" என்று ஒரே ஒரு தரம்தான் சொன்னா. அதன் பிறகு என்னோடு கதையில்லை. திங்கள் முழுவதும் நான் படலைக்கும் கிணற்றடிக்குமாக நடந்தேன். நேற்றுக் காலை பொறுக்கமுடியாமல் ஒரு சீப்புக் கதலியோடு தவராசாவின் கடைக்குப் போனேன். அவர் துவாயால் தாடையைக் கட்டிக்கொண்டு கல்லாவில் இருந்தார். அவர் கோபிக்க முதல் நானே கூட்டிவிடவேண்டும் என்று உமது பாடம்தான் அப்போதும் ஞாபகம் வந்தது. "கீர்த்தனியை விதுசனுக்குச் செய்வமோ?" என்று கேட்டேன். அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. அவர் காதில் கைவைத்து, "என்ன?" என்றார். நான் தொண்டை கிழியக் கத்தினேன். பாதியில் ஊதல் நின்றுவிட்டது. கயிறு வாங்க வந்த சல்லி ஊர் மீன்காரர், தெருவில் நின்ற ஓட்டோக்காரர் எல்லாரும் கேட்டார்கள். ஒருவர் "நல்லது ஐயா" என்றும் சொன்னார்.

தவராசா துவாயை அவிழ்த்தார். கன்னம் வீங்கியிருந்தது.

"நான் அண்டைக்கு அதைத்தான் கேக்க வந்தனான். உங்கட வீட்டு முறுக்கில கடைவாய்ப் பல்லு உடைஞ்சுபோச்சு. சொன்னால் உங்கட மனுசி கவலைப்படுவா எண்டு பேசாமல் வந்திட்டன்."

"அப்ப கோவம் இல்லையோ?"

"கோவம் இருக்கு. விதுசன் ஆறு மாசமா என்னை அரிக்கிறான். பொம்பிளைப் பக்கம் கேக்கட்டும் எண்டு நான் பார்த்துக்கொண்டு இருந்தனான், கடைசியில நானே வரவேண்டியதாப் போச்சு. நீங்கள் சீட்டில கூட்டின கூட்டு வாயில வரேல்லையே."

மருமகன், நான் அழுதுவிட்டேன். அவரும் அழுதார். பல் நோவுக்கா சந்தோசத்துக்கா என்று நான் கேட்கவில்லை. இன்று பின்னேரம் ஐயரையும் கூட்டிக்கொண்டு கலியாணப் பதிவு எழுத்துக்கு நாள் பார்க்க வருகிறார். தை மாதம் கலியாணம். எனவே எல்லாம் ஒழுங்காக நடந்துவிட்டது. இந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் இனி ஒன்றும் இல்லை. நீர் கட்டாயம் வரவேண்டும்.

எல்லா நலமும் பெற்று நீடு வாழ பத்திரகாளி அம்பாள் துணை நிற்பாளாக.

அன்புள்ள மாமா,
சோமசேகரம்

பி.கு: பின்னேரம் கடிதத்தை ஒட்ட முன் கீர்த்தனி வாங்கி வாசித்தாள். சிரித்தாள், பிறகு அழுதாள். அவளுக்கும் விதுசனுக்கும் ஆனி மாதமே எழுத்து முடிந்துவிட்டதாம். சாட்சிக் கையெழுத்து உமது மாமி. தவராசாவுக்கு இன்னும் தெரியாது. படலையில் ஐயரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கிறது.